நோபல் அழைப்பை ‘பிராங்க் கால்’ என நினைத்த சிதம்பரத்துக்காரர்: வெங்கியின் புத்தகம் சிலரைச் சிரிக்கவும் சிலரைச் சீண்டவும் வைப்பது ஏன்?

2009, அக்டோபர் 7. கேம்பிரிட்ஜில் சைக்கிள் டயர் பஞ்சராகி, ஆய்வகத்துக்கு லேட்டாக வந்து சேர்கிறார் ஒருவர். ஏற்கெனவே கடுப்பு. போன் அடிக்கிறது. ஸ்வீடனில் இருந்து பேசுவதாகவும், வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்திருப்பதாகவும் எதிர்முனையில் சொல்கிறார்கள். நண்பர்கள் யாரோ கலாய்க்கிறார்கள் என்று நினைத்த அவர், பேசியவரின் ஸ்வீடிஷ் உச்சரிப்பு பிரமாதம் என்று பாராட்டுகிறார்!

அவர்தான் வெங்கி ராமகிருஷ்ணன். 1952-ல் சிதம்பரத்தில் பிறந்தவர். குறிஞ்சிப்பாடி, நெய்வேலி, வடலூர்க்காரர்களுக்கு அதே கடலூர் மாவட்டத்துக்காரர். 2018-ல் அவர் எழுதிய ‘ஜீன் மெஷின்’ முழுக்க இந்தத் தொனிதான். பெரிய விஷயத்தைச் சொல்லும்போதும் தன்னையே கொஞ்சம் கிண்டல் செய்துகொள்ளும் பேச்சு.

ஆனா, படித்து முடித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி சிரிப்பதில்லை. ஏன்?

முதல்ல, இந்தப் புத்தகம் எதைப் பற்றியது?

நம் உடலின் செல்களில் ரைபோசோம் என்ற நுண்ணிய இயந்திரம் இருக்கிறது. மரபணுவில் உள்ள தகவலைப் படித்து, அதன்படி புரதம் தயாரிப்பது அதன் வேலை. பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதில் இருந்து கொஞ்சம் வேறுபட்டது. பல ஆன்டிபயாட்டிக் மருந்துகள் அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு பாக்டீரியாவின் புரதத் தயாரிப்பை மட்டும் நிறுத்துகின்றன. காசநோய்க்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி முதல், மருந்துக்கடையில் டாக்டர் சீட்டைக் காட்டி வாங்கும் டெட்ராசைக்ளின், அசித்ரோமைசின் வரை பல மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன.

அந்த இயந்திரம் அணு அளவில் எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க நடந்த போட்டிதான் கதை. 2000-ல் வெங்கியின் குழு அதன் சிறிய பாதியின் வடிவத்தை வெளியிட்டது. பெரிய பாதியை யேல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஸ்டைட்ஸ் குழு வெளியிட்டது. இவர்களுக்கு இருபது வருடம் முன்பே, இது நடக்காத காரியம் என்று பலர் நினைத்தபோது, ரைபோசோம் படிகங்களை உருவாக்கத் தொடங்கியவர் இஸ்ரேலின் அடா யோனத். மூவருக்கும் சேர்த்துத்தான் 2009 நோபல்.

சிரிப்பு எங்கே வருகிறது?

பெரும்பாலும் அவருடைய தோல்விகளில் இருந்துதான்.

ஐஐடி-யில் இடம் கிடைக்கவில்லை. வேலூர் சிஎம்சி-யிலும் கிடைக்கவில்லை. பரோடாவில் பி.எஸ்சி இயற்பியல். 1976-ல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பிஹெச்.டி. முடித்த கையோடு, ‘இது நமக்கு செட் ஆகாது’ என்று உயிரியல் பக்கம் தாவுகிறார். கையில் டாக்டர் பட்டத்தை வைத்துக்கொண்டு சான் டியேகோவில் திரும்பவும் மாணவராக உட்கார்ந்து பாடம் கேட்கிறார்.

அதன்பிறகு பேராசிரியர் வேலைக்குச் சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. 1991-ல், நாற்பதைத் தொடும் வயதில், படிகவியலைச் சரியாகக் கற்றுக்கொள்ள கேம்பிரிட்ஜ் போகிறார். பின்னால், 1999-ல் அதே ஆய்வகத்துக்கு நிரந்தரமாக மாறும்போது கிடைத்தது அமெரிக்காவில் வாங்கியதைவிடக் குறைவான சம்பளம்.

கேம்பஸ் இன்டர்வியூவில் நாலு முறை வெளியே அனுப்பப்பட்டவருக்கும், நீட் இரண்டாவது அட்டெம்ப்ட் எழுதியவருக்கும் இந்தப் பக்கங்கள் வேறு மாதிரி படும். ஒரு நோபல் விஞ்ஞானி தன் ரிஜெக்‌ஷன் கணக்கைச் சிரித்துக்கொண்டே சொல்வதைக் கேட்பதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. புத்தகத்தைப் பிடித்தவர்களுக்குப் பிடித்த முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், அவர் விருதுகளையே கிண்டல் செய்வது. நோபலுக்காக ஏங்கித் தவிக்கும் விஞ்ஞானிகளுக்கு ஒரு வியாதிப் பெயர் வைக்கிறார். வாங்கிய பிறகு உலகத்தில் எல்லா விஷயத்துக்கும் கருத்து சொல்ல ஆரம்பிப்பவர்களுக்கும் ஒரு வியாதிப் பெயர். தனக்கும் அந்த ஏக்கம் இருந்ததை மறைக்கவில்லை.

அப்போ சிலரைச் சீண்டுவது எது?

இந்த வகைப் புத்தகத்துக்கு ஒரு முன்கதை உண்டு. டிஎன்ஏ-வின் வடிவத்தைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வாட்சன், 1968-ல் ‘தி டபுள் ஹீலிக்ஸ்’ எழுதினார். விஞ்ஞானிகள் பொறாமைப்படுவார்கள், போட்டியில் ஜெயிக்கத் துடிப்பார்கள் என்பதை அவ்வளவு கலகலப்பாக அதுவரை யாரும் எழுதியதில்லை. கூட இருந்த பிரான்சிஸ் கிரிக்கும் மாரிஸ் வில்கின்ஸும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் பின்வாங்கியது. வேறு பதிப்பகத்தில் வந்து சக்கைப்போடு போட்டது.

ஆனால், அந்தச் சிரிப்புக்கு ஒருவர் விலை கொடுத்திருந்தார். டிஎன்ஏ ஆய்வுக்கு அடிப்படையான எக்ஸ்ரே படங்கள் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினின் ஆய்வகப் பணியில் கிடைத்தவை. புத்தகத்தில் அவரை ‘ரோஸி’ என்ற பட்டப்பெயரில், சிடுமூஞ்சிப் பெண்ணாகக் காட்டியிருந்தார் வாட்சன். அவர் 1958-லேயே இறந்துவிட்டதால் பதில் சொல்ல முடியவில்லை. அவருடைய தோழி ஆன் சேயர் 1975-ல் ஒரு புத்தகம் எழுதித்தான் பதில் சொன்னார்.

அடுத்தது 1985. இயற்பியல் மேதை ரிச்சர்டு ஃபெய்ன்மேன் தன் நண்பர் ரால்ஃப் லெய்ட்டனிடம் சொன்ன கதைகள், ‘ஷ்யூர்லி யூ ஆர் ஜோக்கிங், மிஸ்டர் ஃபெய்ன்மேன்!’ என்று புத்தகமாகி உலகம் முழுக்க விற்றது. அணுகுண்டு ரகசியங்கள் இருந்த பெட்டகங்களைத் திறந்து காட்டுவது, டிரம்ஸ் வாசிப்பது என்று அட்டகாசம். இன்ஜினீயரிங் மாணவர்களை உலுக்கும் பகுதி பிரேசில் பற்றியது. அங்கே மாணவர்கள் ஒளியியல் விளக்கங்களை வரி பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். ஆனால், ஜன்னலுக்கு வெளியே தெரியும் கடலில் அதே ஒளியியல் நடப்பதை அவர்களால் சொல்ல முடியவில்லை. புளூ பிரிண்ட்டை மனப்பாடம் செய்து பொதுத்தேர்வு எழுதிய நமக்கு அது பிரேசில் கதையாகவே தெரியாது.

அதே புத்தகத்தில், மதுக்கூடத்தில் பெண்களிடம் எப்படிப் பேசி ‘கவர்வது’ என்று அவர் விவரிக்கும் பகுதியும் இருக்கிறது. பல வாசகர்கள், முக்கியமாக அறிவியல் படிக்கும் பெண்கள், அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ‘அந்தக் காலம் அப்படி’ என்று சிலர் சமாளிப்பார்கள். ஆனால், ஜோக்கைக் கேட்டுச் சிரிக்கும் கூட்டத்தில் தனக்கு இடம் உண்டா, இல்லை ஜோக்கே தன்னைப் பற்றித்தானா என்று ஒரு மாணவி யோசிப்பது நியாயமான கேள்வி.

வெங்கி இதில் எங்கே நிற்கிறார்?

‘ஜீன் மெஷின்’ வந்ததுமே பல விமர்சகர்கள் அதை வாட்சனின் புத்தகத்தோடு ஒப்பிட்டார்கள். ஒளிவுமறைவு இல்லாத பேச்சு இரண்டிலும் உண்டு. போட்டியாளர்கள்மீது வந்த எரிச்சலை, முந்திவிடுவார்களோ என்ற பயத்தை வெங்கியும் எழுதுகிறார். அடா யோனத்துடனான உரசல்களும் இருக்கின்றன. அவர் வேதியியல் நோபல் வாங்கிய நான்காவது பெண். அதனால் ‘ஒரு கதையை ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் கேட்கிறோமோ’ என்ற சந்தேகம் வாசகருக்கு வரலாம். வர வேண்டும்.

வித்தியாசம் என்னவென்றால், முதல் படிகங்களை உருவாக்கிய பெருமையை வெங்கி யோனத்துக்கே கொடுக்கிறார். ஒரு நோபலை மூன்று பேருக்கு மேல் பகிர முடியாது என்ற விதியால் ஹாரி நோலர், பீட்டர் மூர் போன்றவர்கள் விடுபட்டதையும் பேசுகிறார். தன் வெற்றியில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போடுகிறார். கிண்டலின் பெரும்பகுதி அவர்மீதே விழுகிறது. வாட்சனைப் படித்துக் கோபப்பட்டவர்கள்கூட இதைப் பொறுமையாகப் படிக்க அதுதான் காரணம்.

நம்ம ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டா?

உண்டு. ஆனா, கொஞ்சம் சங்கடமான பங்கு. நோபல் அறிவிப்பு வந்ததும் தமிழ்நாடே கொண்டாடியது. முன்பின் தெரியாதவர்களிடம் இருந்து மெயில்கள் குவிந்தன. தன் இன்பாக்ஸ் நிரம்பி வழிவதாக அவர் அலுத்துக்கொள்ள, ‘இவ்வளவு தலைக்கனமா?’ என்று இங்கே பலருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சிதம்பரத்தில் தனக்குப் பாடம் எடுத்ததாகச் சிலர் சொன்னதையும் அவர் மறுத்தார். 3 வயதிலேயே குடும்பத்தோடு பரோடாவுக்குப் போய்விட்டவர் அவர். பிறந்த ஊர் தற்செயல்தான் என்பது அவர் வாதம்.

இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தால், மண்ணின் மைந்தன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை தப்பில்லை. ஆனால், அந்த ஆசையில் நாம் சொன்ன கதையில் அவருடைய 50 விண்ணப்பங்கள் இல்லை, திரும்ப மாணவரான வருடங்கள் இல்லை, நாற்பதை ஒட்டி ‘அ, ஆ’-வில் இருந்து ஆரம்பித்ததும் இல்லை. சிதம்பரத்தில் பிறந்தார், நோபல் வாங்கினார், முடிந்தது. நாம் விட்ட பகுதியைத்தான் ‘ஜீன் மெஷின்’ சொல்கிறது.

எப்படிப் படிப்பது?

விஞ்ஞானிகளின் நகைச்சுவை சுயசரிதை எதை எடுத்தாலும் மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளலாம்:

• இந்த ஜோக் யார்மீது? சொல்பவர்மீதா, பதில் சொல்ல வாய்ப்பில்லாத இன்னொருவர்மீதா?

• வெற்றிக்கு யாருக்கெல்லாம் நன்றி சொல்கிறார், யாரை ஒரு வரியில் கடந்துபோகிறார்?

• இதே கதையை எதிராளி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

மூன்றுக்கும் பதில் தேடிவிட்டு, தாராளமாகச் சிரிக்கலாம். நெய்வேலியில் என்.எல்.சி நடத்தும் புத்தகக் கண்காட்சிக்கு அடுத்த முறை போகும்போது, போட்டித் தேர்வு கைடுகளைத் தாண்டி அறிவியல் புத்தக அலமாரி பக்கமும் ஒரு எட்டு போய்ப் பாருங்க. ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும் தம்பி, தங்கை வீட்டில் இருந்தால், 50 விண்ணப்பங்கள் போட்டும் வேலை கிடைக்காத அந்த மனிதரின் கதையை அவர்களுக்குச் சொல்லுங்க. நோபல் பற்றிக் கடைசியில் சொன்னால் போதும்.