இணையத்தில் கடை போடுவோரே, உறுதி யார் பெயரில்?

வீட்டிலிருந்தபடியே தொழில் செய்வோர் இன்று நம்மிடையே அதிகரித்திருக்கிறார்கள். அபாயா தைக்கும் சகோதரிகள், கேக் செய்து கொடுப்போர், வட்டலப்பமும் மஸ்கட்டும் ஓடருக்குச் செய்வோர், மருதமுனையில் வீட்டுத் தறியில் சாரமும் சேலையும் நெய்வோர் எனப் பட்டியல் நீளும். இவர்களில் பலருடைய கடை பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும்தான் இருக்கிறது. செலவில்லை, படம் போட்டால் ஓடர் வருகிறது. ஆகவே "தனியாக ஒரு வெப்தளம் எதற்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

இதற்கான பதிலை நமது நாட்டு அனுபவமே தந்திருக்கிறது. 2018 மார்ச்சில் திகன சம்பவங்களையடுத்து பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியன பல நாட்கள் தடைசெய்யப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் பின்னரும் அதே நிலைதான். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மீண்டும் ஒரு தடை வந்தது. 2021 ஒக்டோபர் 4ஆம் திகதியோ எந்த அரசாங்கமும் தடைபோடாமலே, அந்த நிறுவனத்தின் உள்கோளாறினால் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணித்தியாலங்கள் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நின்றுபோயின. வாடிக்கையாளரின் விபரங்களையெல்லாம் அங்கேயே வைத்திருந்தவர்களுக்கு அந்நாட்களில் கடைக்கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டது போலாயிற்று.

பேஸ்புக்கை விட்டுவிடும்படி நான் சொல்ல வரவில்லை. ஆட்கள் கூடும் சந்தை அதுதான், அங்கே கூவி விற்கத்தான் வேண்டும். ஆனால் சந்தை கலைந்தாலும் வாடிக்கையாளர் தேடி வருவதற்கு நமக்கென்று ஒரு முகவரி வேண்டும். அந்த முகவரியை எப்படி வாங்குவது, எதில் ஏமாறாமல் இருப்பது என்பதைத்தான் இவ்வாரம் பார்க்கப் போகிறோம்.

பெயர் வேறு, இடம் வேறு

வெப்தளம் வைப்பதற்கு இரண்டு பொருட்கள் வேண்டும். ஒன்று டொமைன் எனப்படும் பெயர். மற்றது ஹோஸ்டிங் எனப்படும் இடம். படங்கள், விலைகள், எழுத்துக்கள் யாவும் எங்கோ ஒரு சேர்வர் கணினியில் இரவு பகலாகத் திறந்திருக்க வேண்டும். அந்தக் கணினியில் நமக்கு ஒதுக்கப்படும் பங்குதான் ஹோஸ்டிங்.

வியாபாரிகளுக்கு விளங்கும்படி சொல்வதானால் ஹோஸ்டிங் வாடகைக் கடை அறை போன்றது. கூரை ஒழுகினால், வாடகை ஏறினால் வேறு அறைக்குப் போய்விடலாம். பெயர் அப்படியல்ல. பெட்டியிலும் பையிலும் பில்லிலும் அச்சிட்டது அதைத்தான். வாடிக்கையாளரின் மனதில் பதிந்திருப்பதும் அதுதான். காணி வாங்கும்போது உறுதியை யார் பெயரில் எழுதுகிறோம் என்று எவ்வளவு கவனமாகப் பார்க்கிறோமோ, அவ்வளவு கவனம் டொமைன் பெயருக்கும் வேண்டும்.

நம்மவர்கள் தவறும் இடம் இதுவே. நான் அறிந்த ஒரு வீட்டுத் தொழில் இருக்கிறது. தெரிந்த பையன் ஒருவர் குறைந்த செலவில் தளம் செய்து கொடுத்தார். பெயரைத் தன் மின்னஞ்சலில், தன் கார்டில் பதிந்தார். அவர் கெட்ட எண்ணம் கொண்டவரல்ல, அது இலகுவாக இருந்தது என்பதால் அப்படிச் செய்தார். பின்னர் தொழில் தேடி வளைகுடா நாடொன்றுக்குப் போய்விட்டார். புதுப்பிக்கும்படி வந்த அறிவித்தல்கள் அவர் திறந்து பார்க்காத மின்னஞ்சலுக்குப் போயின. தவணை முடிந்து, வேறு நாட்டைச் சேர்ந்த யாரோ ஒருவர் அந்தப் பெயரைப் பதிந்துகொண்டார். நான்கு வருடங்களாகச் சம்பாதித்த பெயர் கைமாறியது. அச்சடித்த பெட்டிகள் வீணாயின. பழைய முகவரியைத் தேடிப் போன வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கடை மூடப்பட்டுவிட்டதாக நினைத்தார்கள். நட்டம் பணத்தோடு நிற்கவில்லை.

டொட் கொம் பெயர்களுக்கு விதி இதுதான். தவணை முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னரும் ஒரு வாரம் முன்னரும் பதிவு நிறுவனம் அறிவித்தல் அனுப்ப வேண்டும். முடிந்த பின்னரும் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க இடமளிப்பார்கள். இக்காலம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், கூடியது 45 நாட்கள். பெயர் நீக்கப்பட்ட பின்னரும் 30 நாட்களுக்குள் மேலதிகக் கட்டணம் செலுத்தி மீட்கலாம். அதற்கப்பால் 5 நாட்களில் அது யாரும் எடுக்கக்கூடிய பெயராகிவிடும். இத்தனை அவகாசம் இருந்தும் பெயரை இழக்கிறோமென்றால் அறிவித்தல் வேறொருவருக்குப் போகிறது என்றுதான் அர்த்தம்.

டொட் கொம்மா, டொட் எல்கேயா?

நம் நாட்டுக்குரிய டொட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி நிர்வகிக்கிறது. 1990ஆம் ஆண்டு முதல் இப்பெயர்கள் வழக்கில் உள்ளன. 2010இல் டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயருக்கும் அனுமதி கிடைத்தது. உள்ளூர் வாடிக்கையாளரை நம்பிய தொழிலுக்கு டொட் எல்கே பொருத்தமானது, கட்டணத்தையும் ரூபாவில் செலுத்தலாம். லண்டனிலும் டோஹாவிலும் இருப்போருக்கு விற்பவர்கள் டொட் கொம்மையும் சேர்த்து எடுப்பது நல்லது.

பெயர் சிறியதாக இருக்கட்டும். நமது ஊர்ப் பெயர்களையும் ஆட்பெயர்களையும் ஆங்கிலத்தில் நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்கள். தொலைபேசியில் ஒரு தடவை சொன்னதும் கேட்பவர் பிழையின்றி எழுதக்கூடிய பெயரா என்று இரண்டு மூன்று பேரிடம் சோதித்துப் பார்த்த பின் பதியுங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

விற்பவர்கள் "அன்லிமிட்டட்" என்பார்கள். வீட்டுத் தொழிலுக்கு அது தேவையே இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 பொருட்கள், ஒன்றுக்கு 3 படங்கள், ஒரு படம் 300 கே.பி. என்றால் மொத்தம் 90 எம்.பி. மாத்திரமே. நாளொன்றுக்கு 50 பேர் வந்து, ஒவ்வொருவரும் 2 எம்.பி. அளவுள்ள 3 பக்கங்களைப் பார்த்தால் 300 எம்.பி. ஆகும். மாதத்துக்கு 9 ஜி.பி. பலர் பங்குபோட்டுப் பாவிக்கும் மிகச்சிறிய பெக்கேஜே இதற்குப் போதும். மேலும் "அன்லிமிட்டட்" என்று விளம்பரம் செய்யும் பல நிறுவனங்கள் நிபந்தனைகளுக்குள் கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லை வைத்திருப்பார்கள். அதை வாசிக்காமல் காசு கட்டக்கூடாது.

இலவசமாகக் கிடைக்கும் இடங்களைத் தொழிலுக்கு நம்பக் கூடாது. ஒரு காலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் இலவசத் தளங்கள் வைத்திருந்த யாஹுவின் ஜியோசிட்டீஸ் 2009 ஒக்டோபரில் மூடப்பட்டது. வாடகை கொடுக்காதவருக்குக் கேட்கும் உரிமையும் இல்லை.

முதல் வருட விலை, இரண்டாம் வருட விலை

மாதம் 3 டொலர் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். மூன்று வருடப் பணத்தை ஒரேயடியாகக் கட்டினால்தான் அந்த விலை என்பதும், புதுப்பிக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காகும் என்பதும் சிறிய எழுத்தில் இருக்கும். எனவே விலையை ஒப்பிடும்போது புதுப்பிக்கும் விலையையே ஒப்பிடுங்கள். முதல் தடவை ஒரு வருடத்துக்கு மேல் கட்டாதிருப்பது பாதுகாப்பானது.

அடுத்தது டொலர். 2022இன் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதமளவில் 360ஐத் தொட்டது. வருடம் 60 டொலர் கட்டியவரின் செலவு 12,000 ரூபாவிலிருந்து 21,600 ரூபாவாயிற்று. வெளிநாட்டு நிறுவனத்தில் இடம் எடுப்பவர்கள் இந்த ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

உள்ளூரில் எடுத்தால் ரூபாவில் பில் கிடைக்கும், நம் மொழியில் பேசலாம். அதேவேளை உள்ளூரில் விற்போர் பலர் வெளிநாட்டுச் சேர்வரில் மொத்தமாக இடம் எடுத்துச் சில்லறையாகத் தருபவர்கள். அதில் குற்றமில்லை, நாமும் அப்படித்தானே வியாபாரம் செய்கிறோம். ஆனால் சேர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். வாடிக்கையாளர் இலங்கையில் என்றால் சிங்கப்பூர், மும்பை போன்ற அருகிலுள்ள இடம் அமெரிக்காவை விட வேகமாகத் திறக்கும்.

வாக்குறுதிகளை நிறுத்துப் பாருங்கள்

"99.9 வீதம் திறந்திருக்கும்" என்பார்கள். வருடத்தில் 8,760 மணித்தியாலங்கள். மிகுதி 0.1 வீதம் என்பது ஏறக்குறைய 8 மணித்தியாலம் 45 நிமிடம். இது பரவாயில்லை. 99 வீதம் என்றால் மூன்றரை நாட்களுக்கு மேல் கடை பூட்டு. பெருநாள் ஓடர்கள் வரும் வாரத்தில் அது நடந்தால் என்னாகும்? வாக்குறுதி தவறினால் பொதுவாக நட்டஈடாகக் கிடைப்பது ஹோஸ்டிங் கட்டணத்தில் ஒரு சிறு பங்குதான். இழந்த வியாபாரத்தை எவரும் தருவதில்லை.

தளத்தின் முகவரிக்கு முன்னால் எச்.டி.டி.பி.எஸ். என்ற பாதுகாப்பு இருக்க வேண்டும். 2018 ஜூலை முதல் கூகுள் குரோம் அது இல்லாத தளங்களைப் "பாதுகாப்பற்றது" என்று காட்டுகிறது. வாடிக்கையாளர் பயந்து திரும்பிவிடுவார். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015இன் இறுதியிலிருந்து இதற்கான சான்றிதழை இலவசமாகத் தருகிறது. சிறிய தளமொன்றுக்கு இதற்கென்று தனியாகப் பெரும் தொகை கேட்டால் வேறு இடம் பாருங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பிரதி எடுத்து வைப்பது. 2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் சேர்வர் கட்டிடமொன்று தீயில் முற்றாக எரிந்தது. ஐரோப்பாவின் பெரிய ஹோஸ்டிங் நிறுவனங்களில் ஒன்று அது. பிரதியை அதே வளாகத்தில் வைத்திருந்த சில வாடிக்கையாளர்கள் அசலையும் பிரதியையும் ஒன்றாக இழந்தார்கள். கணக்குப் புத்தகத்தின் நகலைக் கடையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. மாதம் ஒரு தடவையாவது முழுத் தளத்தின் பிரதியையும் உங்கள் வீட்டுக் கணினிக்கோ பென் டிரைவுக்கோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டும் முன் ஒரு சோதனை செய்யலாம். இரவு பத்து மணிக்கு அந்த நிறுவனத்துக்கு ஒரு சிறு கேள்வி அனுப்புங்கள். எப்போது, எப்படிப் பதில் வருகிறது என்பதில் அவர்களது சேவை தெரிந்துவிடும். விற்கும் முன்னரே பதில் சொல்லாதவர் விற்ற பின் சொல்லப் போவதில்லை.

இவ்வாரமே செய்ய வேண்டியது

ஏற்கனவே தளம் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு பைல் திறவுங்கள். டொமைன் எந்த நிறுவனத்தில், எந்த மின்னஞ்சலில், யார் பெயரில் பதியப்பட்டுள்ளது, எத்தனையாம் திகதி முடிகிறது என்பதை எழுதுங்கள். ஹோஸ்டிங்கின் பயனர் பெயர், கடவுச்சொல், பில் ஆகியவற்றையும் அதில் வையுங்கள். செய்து கொடுத்தவரின் பெயரில் இருந்தால் முகம் முறியாமல் பேசி உங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். நல்லவர் மறுக்கமாட்டார். புதிதாகத் தொடங்குவோர் பெயரை முதலில் தாமே பதிந்துவிட்டு, அதன் பின்னர் தளம் செய்பவரை அழையுங்கள்.

இடம் தந்தவர் நாளை கடையை மூடிவிட்டுப் போனாலும் பெயரும் பிரதியும் உங்கள் கையில் இருந்தால் ஓரிரு நாட்களில் வேறு இடத்தில் திறந்துவிடலாம். வாடிக்கையாளருக்கு இடம் மாறியதே தெரியாது. தளம் எவ்வளவு அழகாக இருக்க வேண்டும் என்பதை அதன் பிறகு ஆறுதலாக யோசிக்கலாம்.