குன்றைக் காத்த ஆசிரியர்

விளையாட்டு விழா அணிவகுப்பில் மும்மூன்று பேராக நடப்பதற்கு நாம் எத்தனை நாள் வெயிலில் பழகுகிறோம்! “மூன்றாக நடந்தால் என்ன, நான்காக நடந்தால் என்ன?” என்று சலித்துக்கொள்ளும் தோழியரும் உண்டு. அந்த எண்ணிக்கையே ஒரு போர்க்களத்தில் பகைவரைக் காட்டிக்கொடுத்தது. அதைக் கண்டுகொண்டவர் முன்னாள் பள்ளி ஆசிரியர் ஒருவர். அவர் கதையை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் அட்னான் பின் சைடி. மலாயாவில் காஜாங் நகருக்கு அருகே 1915-இல் ஒரு மலாய் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தார். நன்றாகப் படித்ததால் ஆசிரியப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஓராண்டுக்கு மேல் பள்ளியில் கற்பித்தார். மலாய் மக்கள் இராணுவக் கட்டுப்பாட்டுக்கு ஒத்துவருவார்களா என்ற ஐயம் ஆங்கிலேயருக்கு இருந்தது. ஆகவே 1933-இல் வெறும் 25 பேரைச் சேர்த்துச் சோதனையாகவே மலாய்க் காலாட்படையைத் தொடங்கினர். அவ்வாண்டிலேயே அட்னான் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுத் துப்பாக்கியை ஏந்தினார். படிப்படியாக உயர்ந்து லெப்டினன்ட் ஆனார். போர் நெருங்கியபோது குடும்பத்தைச் சொந்த ஊருக்கு அனுப்பிவிட்டுத் தாம் சிங்கப்பூரிலேயே தங்கினார்.

1942 பிப்ரவரியில் ஜப்பானியர் சிங்கப்பூர்த் தீவுக்குள் புகுந்தனர். பாசிர் பாஞ்சாங் பகுதியில் புக்கிட் சண்டு என்றொரு குன்று. சண்டு என்றால் அபின். குன்றின் அடிவாரத்தில் அபின் ஆலை இருந்ததால் அப்பெயர். குன்றுக்கு அப்பால் அலெக்சாண்டிராவில் வெடிமருந்துக் கிடங்குகளும் இராணுவ மருத்துவமனையும் இருந்தன. அட்னானும் அவருடைய 42 வீரரும் அங்கே நின்றனர். பின்புறம் பெரிய வாய்க்காலில் எண்ணெய் எரிந்துகொண்டே ஓடியது. பின்வாங்க வழியில்லை.

பிப்ரவரி 14 அன்று தலைப்பாகை அணிந்த ஒரு படை குன்றை நோக்கி நடந்து வந்தது. பார்வைக்கு நம் பஞ்சாபி வீரர்கள். ஆனால் அவர்கள் நால்வர் நால்வராக வந்தனர். ஆங்கிலேயரின் படைகளோ மூவர் மூவராக நடப்பவை. வகுப்பறையில் பார்த்து எழுதியவளை ஒரே பார்வையில் பிடித்துவிடும் ஆசிரியையரை நாம் அறிவோமல்லவா? அட்னானின் கண்ணும் அப்படிப்பட்டதுதான் போலும். சுட உத்தரவிட்டார். மாறுவேடத்தில் வந்த ஜப்பானியரில் பலர் வீழ்ந்தனர், மற்றவர் ஓடினர்.

சுமார் இரண்டு மணி நேரத்தில் பெரும்படை திரும்பி வந்தது. குண்டுகள் தீர்ந்தபின் கைகலப்பு நடந்தது. படுகாயமுற்றும் அட்னான் சரணடைய மறுத்தார். குன்றைப் பிடித்தவர்கள் அவரைக் கொன்றனர். எவ்வாறு என்பது பற்றிப் பல கூற்றுகள் உண்டு. சிறுமியர் படிக்கும் இம்மலரில் அவற்றை எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. அன்றே அலெக்சாண்டிரா மருத்துவமனையிலும் நோயாளிகளும் பணியாளரும் கொல்லப்பட்டனர். மறுநாள் சிங்கப்பூர் சரணடைந்தது.

முப்பது வயதுகூட நிறையாத அவர், மனைவியையும் இரு சிறு மகன்களையும் விட்டுச் சென்றார். கல்லறை இல்லை. கல்லறையற்ற வீரர்களின் பெயர்கள் பொறித்த கிராஞ்சி நினைவுச் சுவரில் அவர் பெயரும் இருக்கிறது. புக்கிட் சண்டுவில் பழைய பங்களா ஒன்றை 2002-இல் நினைவு அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். நம் திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்தை வேடிக்கை பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சிங்கப்பூரில் உறவினர் உள்ள தோழியர் விடுமுறையில் அங்கே சென்றால், அந்தக் குன்றிலும் ஏறிப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லுங்கள்.