கழற்றி மாட்டவென்றே பிறந்த கார்

இந்தியாவில் கார் என்றால் மூன்றே பெயர்கள் வாயில் வந்த காலம் ஒன்று உண்டு. கல்கத்தாப் பக்கத்திலிருந்து அம்பாசிடர், பம்பாயிலிருந்து ஃபியட், சென்னையிலிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவற்றில் ஹெரால்டு நம் ஊர்த் தயாரிப்பு. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர், வண்டலூர் பகுதியில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் 1961 முதல் அது உருவானது. தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய்க்குள் நிற்கும் தாத்தாவின் வண்டியை எழுப்பிவிட முடியுமா என்று கேட்பவர்கள் கொங்குநாட்டில் இன்றும் இருக்கிறார்கள். அந்த வண்டி ஹெரால்டாக இருந்தால் என் பதில்: தாராளமாக முடியும், வீட்டிலேயே முடியும்.

அதற்குக் காரணம் ஹெரால்டின் உடற்கூறு. 1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் சிறிய கார் ஒன்றைத் திட்டமிட்டது. அதுவரை அந்த நிறுவனத்துக்கு உடற்கூடு செய்து கொடுத்துவந்த ஆலையைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லை. பொறியாளர் ஹாரி வெப்ஸ்டர், அடியில் தனிச் சேஸிஸ், மேலே துண்டுதுண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும் உடல் என்று முடிவெடுத்தார். இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி வடிவம் கொடுக்க, 1959-இல் ஹெரால்டு வெளிவந்தது. அன்றைய நெருக்கடிக்குக் கண்ட அந்த வழிதான் இன்று நமக்குப் பெரிய வசதி. போல்ட்டுகளைக் கழற்றி, நாலைந்து பேர் பிடித்தால் உடல் சேஸிஸை விட்டு எழுந்துவிடும். பானெட் முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து முன்னால் கவிழ்ந்து திறக்கும்; முன் டயரின் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சினில் வேலை பார்க்கலாம்.

உடலைத் தூக்குமுன் ஒரு எச்சரிக்கை. கதவு வாசல்களின் குறுக்கே கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் அடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போது உடல் வளைந்து, திரும்ப இறக்கிய பிறகு எந்தக் கதவும் சாத்தாது.

துருவும் கட்டுத்தரையும்

கொங்குநாட்டில் உள்ள நம் ஊத்துக்குளி மழைமறைவு நிலம். காற்றில் கடல் உப்பு கிடையாது. இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் சேர வேண்டும். உப்பு கலந்தால் அந்த வேலை பல மடங்கு வேகமாகும். அதனால் சென்னைக் கடற்கரையோரம் நின்ற வண்டியைவிட இங்கே நின்ற வண்டியின் தகரம் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். இருந்தாலும் தேடிப் பார்க்க வேண்டிய இடங்கள் உண்டு: சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், கதவுக்குக் கீழுள்ள சட்டம், டிக்கியின் தரை. மண்தரையிலிருந்து எழும் ஈரம் முதலில் தாக்குவது இவற்றைத்தான். சுத்தியலால் தட்டினால் நல்ல தகரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த தகரம் மொத்தென்று சத்தம் போடும். அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வதே டிங்கரிங். மேலே புட்டி பூசி மறைத்தால் துரு உள்ளே தொடர்ந்து தின்னும்.

வெண்ணெய்க்குப் பேர்போன ஊரில் இன்னொரு எதிரியும் உண்டு. வண்டி பல வருடம் மாட்டுக் கட்டுத்தரையில் நின்றிருந்தால் பித்தளைப் பாகங்களைக் கூர்ந்து பாருங்கள். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியப் படைமுகாம்களில் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. அவை குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தவை. மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் ஈரமும், உள்ளுக்குள் இறுக்கம் தங்கிய பித்தளையைப் பிளக்கின்றன என்று 1921-இல் விளக்கம் கிடைத்தது. ஹெரால்டின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்ந்தது. எனவே தண்ணீர் நிரப்பிக் கசிவு சோதிக்காமல் எஞ்சினை ஓட்ட வேண்டாம்.

சாவி போடுமுன்

புது பேட்டரி வாங்கி உடனே ஸ்டார்ட்டரைத் தட்டிப் பார்க்க எல்லோருக்கும் ஆசை வரும். அதை அடக்கியே ஆக வேண்டும். நெடுநாள் நின்ற எஞ்சினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும்; பலவந்தமாகச் சுற்றினால் ரிங் உடையும், சுவர் கீறும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். 948 சி.சி. கொண்ட சின்ன எஞ்சின் என்பதால் பெரும்பாலும் இதற்கே இளகிக்கொடுக்கும்.

அடுத்தது கார்புரேட்டர். உள்ளே போகும் காற்று குறுகிய தொண்டையைக் கடக்கும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவு பெட்ரோலை மெல்லிய துளை வழியே உறிஞ்சி எடுக்கிறது. காய்ந்த பழைய பெட்ரோல் பிசினாகி அடைப்பது இந்தத் துளையைத்தான். பொறி கொடுக்கும் பாயிண்ட் செட்டின் இடைவெளி 0.015 அங்குலம். அதை அளக்க ஃபீலர் கேஜ் போதும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும். பிரேக்கின் ரப்பர் பாகங்கள் ஒன்றுவிடாமல் மாற்றப்பட வேண்டியவை. வண்டியை ஓட வைப்பதற்கு முன் நிற்க வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

எரிபொருளும் மாறிவிட்டது. ஹெரால்டு பிறந்த காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது; அது வால்வு உட்காரும் இடத்துக்கு மெத்தையாகவும் உதவியது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் ஈயமில்லாப் பெட்ரோல்தான். கடினமான எஃகு வளையங்களை வால்வு சீட்டாகப் பொருத்திவிட்டால் தேய்மானம் நிற்கும். கோவை, திருப்பூர் லேத் பட்டறைகளுக்கு இது பழகிய வேலை. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் சேர்கிறது. அது பழைய ரப்பர் குழாய்களை இளக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள். வண்டியை வெகுநாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கைக் காலி செய்யுங்கள்.

கிரீஸ் அல்ல, எண்ணெய்

வீட்டிலேயே வேலை செய்தாலும், வண்டியைத் தெரிந்த கூட்டாளிகள் ஏன் வேண்டும் என்பதற்கு ஹெரால்டின் முன்சக்கரமே சாட்சி. சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் கீழ்முனையில் மரை இருக்கிறது. அது டிரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்து, ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் உள்ளே சுழல்கிறது. பார்த்தவுடன் எந்த மெக்கானிக்கும் கிரீஸ் கன்னை எடுப்பார். ஆனால் ஆலையின் கையேடு சொல்வது 90 ஆம் எண் கியர் எண்ணெய். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் அடைத்துக்கொள்ளும்; ஈரம் புகும்; எஃகு துருப்பிடித்து ஒருநாள் ஒடியும்; சக்கரம் மடங்கிவிடும். கையேடு தொலைந்த வண்டியில் இதைச் சொல்ல ஹெரால்டு வைத்திருந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

செய்த நிறுவனம் 1980-களின் இறுதியில் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஷோரூம் இல்லை, சர்வீஸ் சென்டர் இல்லை. ஆகவே இந்த வண்டியைத் தெரிந்த மனிதர்கள்தான் அதன் சர்வீஸ் சென்டர். கோவை அவினாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தால் பழைய கார்களின் பாகங்கள் எப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கண்ணுக்குப் பிடிபடும். சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளில் அனுபவசாலிகளைச் சந்திக்கலாம். பழைய பாகங்களுக்குச் சென்னையில் புதுப்பேட்டையும் கோவையில் உக்கடமும் இருக்கின்றன. அங்கே கிடைக்காத முன்சக்கரப் பாகங்களுக்கும் வழியுண்டு: ஹெரால்டின் முன் அமைப்பைத்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1980 வரை பயன்படுத்தியது; அந்தக் காருக்காக இங்கிலாந்தில் இன்றும் பாகங்கள் செய்கிறார்கள். சீட்டுத் தைக்கவும் கை துடைக்கும் பனியன் வேஸ்டுக்கும் திருப்பூர்ப் பக்கத்தில் அலைய வேண்டியதே இல்லை.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் பெரிதாக மாறாத வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய 2021-இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. பதிவு 10 ஆண்டு செல்லும். ஏற்கெனவே உள்ள பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றாட ஓட்டத்துக்கு அந்தப் பதிவு செல்லாது. ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து, சேஸிஸ் எண்ணோடு ஒத்துப் பார்த்த பிறகு பணத்தை இறக்குங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வேலை தொடங்கும் நாளிலேயே ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த போல்ட் எந்த அளவு, எந்த பேரிங்குக்கு எது மாற்று, எந்தப் பட்டறையில் வேலை சுத்தம் என்று எல்லாவற்றையும் தமிழில் எழுதுங்கள், படம் வரையுங்கள். ஹெரால்டைக் கையால் தொட்டு வேலை செய்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிவிட்டது. அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். அடுத்து ஒரு ஹெரால்டை எடுப்பவருக்கு அந்த நோட்டைக் கொடுங்கள். ஒரு வண்டியை மீட்பவர் அந்த வேலையின் அறிவையும் சேர்த்து மீட்க வேண்டும்.