மாத்திரையை நிறுத்துமுன் மருத்துவரிடம் பேசுங்கள்

முப்பதைத் தாண்டிய ஒரு கணவர். வேலையில் கவனம் நிற்பதில்லை. கட்டணம் கட்ட மறந்துவிடுகிறார். மனநல மருத்துவர் ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவுக் கோளாறு என்று சொல்லி மாத்திரை கொடுக்கிறார். சில வாரங்களில் வேலை சீராகிறது. ஆனால் தாம்பத்தியத்தில் நாட்டம் குறைகிறது. "இவருக்கு என்மேல் அன்பு போய்விட்டது" என்று மனைவி மனத்துக்குள் அழுகிறார். கணவரோ கூச்சப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார். பழைய மறதியும் சண்டையும் திரும்பி வருகின்றன.

பல வீடுகளில் நடக்கக்கூடிய கதைதான் இது. இங்கே குற்றவாளி கணவரும் அல்ல, மனைவியும் அல்ல.

ஏன் இப்படி ஆகிறது?

ஏடிஎச்டி மருந்துகள் மூளையில் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகின்றன. கவனம் கூடுவதற்கு அது உதவுகிறது. அதே பொருள் உடலை விழிப்பு நிலையில் வைத்து, இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஆணுறுப்பு விறைப்படைய அந்தக் குழாய்கள் விரிய வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அட்டோமாக்செட்டின் (ஸ்ட்ராட்டெரா) சாப்பிடும் ஆண்களில் 100க்கு 10 பேருக்கும் குறைவானவர்களுக்கே விறைப்புக் குறைவு வருகிறது. சிலருக்கு நாட்டம் குறையலாம். விந்து வெளியேறுவதில் சிரமம் இருக்கலாம். மெத்தில்ஃபெனிடேட் (ரிட்டலின், கன்சர்ட்டா) சாப்பிடும் சிலருக்கும் நாட்டம் மாறலாம். பெண்களுக்கும் இப்படி நேரலாம். அவர்களும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

முதலில், மாத்திரை தொடங்கிய தேதி, அளவு, மாற்றம் தெரிந்த நாள் மூன்றையும் குறித்து வையுங்கள். பிறகு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், சாப்பிடும் நேரத்தை மாற்றலாம். கன்சர்ட்டா ஏறத்தாழ 12 மணி நேரம் வேலை செய்யும். சாதாரண ரிட்டலின் சுமார் 4 மணி நேரம்தான். தம்பதியர் தங்களுக்கு ஏற்ற நேரத்தைத் தேர்ந்தெடுக்க இந்தக் கணக்கு உதவும்.

சாப்பிடும் மற்ற மருந்துகளையும் சொல்லுங்கள். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவோக்செட்டின், பாராக்செட்டின் இரண்டும் நாட்டத்தைக் குறைக்கக்கூடியவை. அவை இரத்தத்தில் அட்டோமாக்செட்டின் அளவையும் உயர்த்தும். நீரிழிவு, இரத்த அழுத்தம், தூக்கமின்மை ஆகியவையும் காரணமாக இருக்கலாம். எல்லாப் பழியையும் புது மாத்திரைமேல் போட்டுவிடக் கூடாது.

இதைச் செய்யாதீர்கள்

இணையத்திலும் இரவுச் சந்தையிலும் கிடைக்கும் "ஆண்மைக் கோப்பி"யை வாங்கிக் குடிக்காதீர்கள். இத்தகைய பொட்டலங்களில் அறிவிக்கப்படாத மருந்து கலந்திருப்பதைச் சிங்கப்பூர்ச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்தக் கலப்பு உயிருக்கே ஆபத்து.

விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் வலித்தால், வெட்கத்தை விட்டு உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அபூர்வமாக நேரும் இந்த ஆபத்தைப் பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2013ஆம் ஆண்டிலேயே மெத்தில்ஃபெனிடேட் குறித்து எச்சரித்தது.

வீட்டில் ஒரு வார்த்தை

"இது மாத்திரையால் வந்தது, உன்னால் அல்ல" என்று கணவர் சொல்லும் ஒரு வார்த்தை, மனைவியின் பல நாள் கண்ணீரைத் துடைக்கும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க இருவரும் சேர்ந்தே போகலாம். மருந்தும் வேண்டும், இல்லறமும் வேண்டும். வாய் திறந்து பேசினால் இரண்டையும் காப்பாற்ற வழி உண்டு.