கரையும் கப்பலும் – 7: நடுக்கடலில் ஒரு பொங்கல்

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் உருவாகும் கார்கள் சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் கப்பலேறுவதைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படிச் சரக்கோடு கடலில் போகிறவர்களுக்குப் பண்டிகை எப்படி வருகிறது?

பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் தண்டலம் நெடுஞ்சாலையில் நின்றால், கரையில் விடுமுறை என்பது ஊருக்குப் போவதுதான் என்று புரியும். முதுகுப்பையோடு காத்திருக்கும் ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு வேலூர், தருமபுரிப் பக்கம் போகும் பேருந்துகள் பிதுங்குகின்றன. அவர்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 1958-இல் வந்த தமிழ்நாட்டுச் சட்டம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு மேலும் ஐந்து நாட்களைச் சம்பளத்தோடு தரச் சொல்கிறது. அன்றைக்கு வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம். இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று விடுமுறை.

கப்பலுக்கும் சட்டம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. நாளுக்கு எட்டு மணி நேர வேலை, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, பொது விடுமுறைகளிலும் ஓய்வு என்பதே அதன் அளவுகோல். ஆனால் நடுக்கடலில் கப்பலை யார் நிறுத்துவது? நான்கு மணி நேர ‘வாட்ச்’ எனும் முறைப்பணி, எட்டு மணி நேர இடைவெளி, மறுபடி வாட்ச் என்ற சுற்று பொங்கலுக்காக நிற்பதில்லை. ஆயுத பூஜையன்று ஆலையில் இயந்திரத்தை நிறுத்திச் சந்தனம் பூசலாம். கப்பலின் இன்ஜினுக்கு அந்த ஓய்வும் இல்லை.

நாட்காட்டிகூட அங்கே நிலையாக இருப்பதில்லை. ஆசியாவிலிருந்து பசிபிக்கைக் கடந்து அமெரிக்கா போகும் கப்பலில், தேதிக்கோட்டைத் தாண்டும்போது ஒரே தேதி இரண்டு முறை வரும். திரும்பும் வழியில் ஒரு தேதி காணாமல் போகும். அது தை முதல் நாளாகவும் இருக்கலாம்.

அப்படியும் பொங்கல் பொங்குகிறது. திறந்த நெருப்புக்கு இடமில்லாததால் கப்பலின் சமையலறையில், மின் அடுப்பில் பொங்குகிறது. கரும்பில்லை, மாடில்லை, வாசலில்லை. வாட்ச் முடிந்து வருகிறவர் சாப்பிட, வாட்சுக்குப் போகிறவர் எழுந்து இடம் விடுகிறார். பிலிப்பைன்ஸ்காரருக்கும் உக்ரைன்காரருக்கும் சர்க்கரைப் பொங்கல் பரிமாறப்படுகிறது. கிறிஸ்துமஸுக்கு அவர்கள் விருந்தில் நம்மவர் உட்கார்கிறார். கரையில் ஊரே சேர்ந்து நமக்குத் தரும் பண்டிகையைக் கடலில் ஒருவருக்கொருவர் உண்டாக்கிக் கொடுக்கிறார்கள்.

ஆனால் இந்த அன்பு ஓய்வுக்கு ஈடாகாது. விடுமுறை நாள் உழைப்புக்கு ஓவர்டைம் கிடைக்கலாம். தவறிய நாள் கிடைக்காது. இழந்த ஓய்வைச் சேர்த்து வாங்குவது, ஒப்பந்தம் முடிந்து கப்பலிலிருந்து இறங்கி, அதாவது ‘சைன் ஆஃப்’ ஆகி, வீடு திரும்பிய பிறகுதான். கொரோனா காலத்தில் அதுவும் அடைபட்டது: 2020-இல் ஏறத்தாழ 4 லட்சம் மாலுமிகள் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் கப்பலிலேயே இருந்தார்கள். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைக்கு 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், கப்பலில் முடிந்தவரை இணைய வசதி தரச் சொல்கிறது. பண்டிகையன்று வீட்டு முகங்களைப் பார்க்க முடிவது பெரிய ஆறுதல்தான். என்றாலும் மாலுமிக்கு உண்மையான விடுமுறை ஒன்றுதான்: ஒப்பந்தம் முடியும் தேதியில் தவறாமல் ஊர் திரும்புவது. கரையில் ஒன்பது நாட்களைச் சட்டம் போட்டுக் காக்கும் நாம், அந்த ஒரு தேதியையும் அதே உறுதியோடு காக்க வேண்டும்.

(தொடரும்)