வலி காதில், வைத்தியம் மூக்கில்

விமானத்தில் பறப்பதே பெரிய சங்கதியாக இருந்த காலத்தில், உள்நாட்டு விமானங்களில் ஏறி உட்கார்ந்ததும் பணிப்பெண் ஒரு தட்டை நீட்டுவார். அதில் மிட்டாயும் பஞ்சும் இருக்கும். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு பஞ்சைக் காதில் வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக்குத் தனிக் காசு கேட்கும் இந்தக் காலத்தில் அந்தத் தட்டு போயே போய்விட்டது. பஞ்சு எஞ்சின் இரைச்சலுக்குத்தான் உதவும். காதடைப்புக்கு அதனால் துளியும் பிரயோஜனம் இல்லை. மிட்டாய்தான் மருந்து.

காரணம் செவிப்பறைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே நடுச்செவி என்ற சிறு அறை. அதில் நிறைந்திருப்பது காற்று. அந்தக் காற்றுக்கு வெளியுலகத்தோடு உள்ள ஒரே வழி, மூக்கின் பின்புறம் போய்த் திறக்கும் யூஸ்டேஷியன் குழாய். 16ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய உடற்கூறியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டாச்சியின் பெயரால் வழங்குகிறது. பெரியவர்களுக்குச் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம். சாதாரணமாக மூடியே கிடக்கும். எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசை இழுத்து ஒரு கணம் திறந்துவிடும். காதுக்குள் 'டப்' என்று கேட்கிறதே, அது இதுதான். மிட்டாய் சப்பினால் எச்சில் ஊறும், ஊறினால் விழுங்குவோம், விழுங்கினால் குழாய் திறக்கும்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே நாம் அந்த உயரத்துக் காற்றைச் சுவாசிப்பதில்லை. அழுத்தத்தைக் கூட்டி, கேபினுக்குள் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்கு ஈடான காற்று இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். ஊட்டியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம் அங்கே சுமார் 565.

ஏறும்போது வெளி அழுத்தம் குறைய, நடுச்செவிக் காற்று விரிந்து, குழாயைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியே போய்விடும். நாம் ஒன்றும் செய்ய வேண்டாம். இறங்கும்போதுதான் வம்பு. நடுவானில் குடித்துவிட்டு இறுக மூடி வைத்த தண்ணீர் பாட்டிலைத் தரையிறங்கியதும் எடுத்துப் பாருங்கள். யாரோ கையால் பிசைந்ததுபோல நசுங்கியிருக்கும். செவிப்பறையும் அப்படித்தான் உள்நோக்கி இழுபடுகிறது. வெளிக்காற்றை உள்ளே விடுவதற்குக் குழாய் தானாகத் திறக்காது. தசை இழுத்துத் திறக்க வேண்டும். அந்தத் தசையின் பலத்துக்கும் ஒரு எல்லை உண்டு. உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 80, 90 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் அதனால் திறக்கவே முடியாது, குழாய் பூட்டிக்கொள்ளும். விமானப் பயணத்தில் காதுக்கு நேரும் இந்தப் பாதிப்பை 1937இல் ஹாரி ஆம்ஸ்ட்ராங், ஜே.டபிள்யூ. ஹைம் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் விரிவாக எழுதினார்கள்.

இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தரைக்கு அருகில் 3,000 அடி இறங்கினால் சுமார் 80 மில்லிமீட்டர் ஏறிவிடும். கேபின் உயரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 அடி என்ற கதியில் குறைகிறது. அப்படியானால் பத்து நிமிடம் எச்சில் விழுங்காமல் இருந்தாலே ஆபத்து எல்லையை நெருங்கிவிடுகிறோம். தூக்கத்தில் விழுங்குவது வெகுவாகக் குறையும். 'நல்லா தூங்கிட்டு வந்தேன், இறங்கினதும் காது கேக்கலை' என்று சொல்பவர்களின் கதை இதுதான். சீட் பெல்ட் போடச் சொல்லும் அறிவிப்புக்குக் காத்திருக்காமல், இறங்கத் தொடங்கும்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

அழுத்தம் எவ்வளவு மாறுகிறது என்பதோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும் முக்கியம். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த சார்லஸ் விதிக்குப் பெயர் தந்த ஜாக் சார்லஸ், 1783 டிசம்பர் 1ஆம் தேதி பாரீஸிலிருந்து ஹைட்ரஜன் பலூனில் பறந்தார். முதல் முறை இறங்கியபோது உடன் வந்தவர் இறங்கிக்கொள்ள, பாரம் குறைந்த பலூன் அவரை மட்டும் சுமந்துகொண்டு சில நிமிடங்களில் 3,000 மீட்டர் வரை எகிறியது. வலது காதில் அசாத்திய வலி. மனிதர் அதற்குப் பிறகு பலூனில் ஏறவே இல்லை. 2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் கிளம்பிய விமானத்தில் கேபின் அழுத்தத்துக்கான சுவிட்சைப் போட மறந்துவிட்டார்கள். முப்பது பேர்வரை பாதிக்கப்பட்டனர். சிலருக்குக் காதிலும் மூக்கிலும் ரத்தம் வந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது.

சுவிட்ச் நம் கையில் இல்லை, மூக்கு இருக்கிறது. காது வலியோடு இறங்குபவர்களில் பலர் சளியோடு ஏறியவர்கள். ஜலதோஷத்தில் குழாயின் வாய் வீங்கி, கோழையும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கடுமையான சளி என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே உத்தமம். டிக்கெட் காசு போகுமே என்றால், மூக்கடைப்பைக் குறைக்கும் சொட்டு மருந்து (ஆக்ஸிமெட்டாசோலின் போன்றவை) கைகொடுக்கும். இறங்கத் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு விட வேண்டும். சென்னை-மதுரை போன்ற குறும்பயணத்தில் ஏறுவதற்குச் சற்று முன்பு விட்டாலே போதும். பல மணி நேரம் தாங்கும். சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும், ஜாக்கிரதை. பெரியவர்களுக்கு சூடோஎஃபெட்ரின் மாத்திரை உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஒவ்வாமையால் மூக்கடைப்பு உள்ளவர்களுக்குத் தரப்படும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே வேலை செய்யச் சில நாட்கள் பிடிக்கும். அதை விமான நிலையத்தில் அடித்துப் பயனில்லை, ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

காதுக்கென்று நம் வீடுகளில் நடக்கும் முன்னேற்பாடுகளில் பாதி வேண்டாத வேலை. நல்லெண்ணெய் காய்ச்சி விட்டாலும் செவிப்பறையைத் தாண்டி ஒரு சொட்டும் போகாது. பட்ஸ் போட்டுக் குடைந்தால் அழுக்கு இன்னும் உள்ளேதான் தள்ளப்படும். கடைகளில் கிடைக்கும் விமானப் பயணக் காதடைப்பான்கள் அழுத்தம் மாறும் வேகத்தைச் சற்று மட்டுப்படுத்துமே தவிர, குழாயைத் திறக்காது.

மிட்டாயும் விழுங்கலும் போதவில்லை என்றால், மூக்கைப் பிடித்து வாயை மூடி மெதுவாக ஊதும் வித்தை இருக்கிறது. 1704இல் காதைப் பற்றித் தனி நூலே எழுதிய இத்தாலிய மருத்துவர் அந்தோனியோ வால்சால்வா, காதுக்குள் சேர்ந்த சீழை வெளியேற்ற அதைச் சொன்னார். 'மெதுவாக' என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். முரட்டுத்தனமாக ஊதினால் உள்செவியே பழுதாகலாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்குவது இன்னும் சாது. இது லண்டன் காது மருத்துவர் ஜோசஃப் டாய்ன்பீயின் பெயரில் வழங்குகிறது. (காது இரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோஃபார்மையும் ஹைட்ரோசயனிக் அமிலத்தையும் தானே முகர்ந்து பார்த்து 1866இல் செத்துப்போனார், பாவம்.) எந்த வித்தையானாலும், வலி வருமுன் தொடங்கிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்.

கைக்குழந்தையிடம் 'விழுங்கு' என்று சொல்ல முடியாது. அதற்குக் குழாய் நீளம் பெரியவர்களுடையதில் ஏறத்தாழப் பாதிதான். படுக்கைவாட்டில் வேறு இருக்கும். இறங்கும் நேரம் பார்த்து, தலையைச் சற்று நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுக்கலாம். ஏறியதுமே வயிறு முட்டக் கொடுத்துவிட்டால் வேண்டிய நேரத்தில் குடிக்காது. மூன்று, நான்கு வயசுப் பிள்ளைகளுக்குக் கெட்டி மிட்டாய் தொண்டையில் சிக்கும். ஸ்ட்ரா போட்டு ஜூஸ் கொடுப்பது மேல்.

விசித்திரம் என்னவென்றால், செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களுக்கும், சிகிச்சைக்காக அதில் குட்டிக் குழல் பொருத்தியவர்களுக்கும் இந்தத் தொல்லையே இல்லை. காற்று அந்த வழியாகவே போய்வந்துவிடும். அண்மையில் காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஏற வேண்டும்.

இறங்கிய பிறகும் காது அடைத்திருந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானே சரியாகும். ரத்தமோ நீரோ வடிந்தாலும், தலை சுற்றினாலும், சட்டென்று கேட்காமல் போனாலும் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். செவிப்பறை கிழிந்திருந்தால்கூடப் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும். அதுவரை தலைக்குக் குளிக்கும்போது தண்ணீர் உள்ளே போகக் கூடாது. திரும்பும் டிக்கெட் இரண்டு நாளில் இருக்கிறதென்றால், வலி குறைந்திருந்தாலும் ஏறுவதற்கு முன்பு ஒருமுறை காதைக் காட்டிவிடுவது நல்லது.