ஒரே கணிப்பொறியில் இரண்டு இயங்குதளங்கள்

திருவனந்தபுரத்தின் பூஜப்புரைப் பகுதியில் தலைமையகம் கொண்டுள்ள ‘கைட்’ நிறுவனம் கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிக் கல்வியைக் கவனித்து வருகின்றது. 2001ஆம் ஆண்டில் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டமாகத் தோன்றி, 2017இல் அரசு நிறுவனமாக உருப்பெற்ற அமைப்பு இது. பள்ளிகளுக்கென்றே லினக்ஸ் இயங்குதளத்தைத் தொகுத்து அளிப்பது இதன் பணிகளுள் ஒன்று, உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட அதன் தொகுப்பு 2019இல் வெளிவந்தது.

இதனால் ஆசிரியர் பலரின் நிலை விந்தையானது. பள்ளியில் லினக்ஸ், இல்லத்தில் விண்டோஸ். மறுநாட் பாடத்தை வீட்டிலேயே செய்து பார்க்க லினக்ஸ் வேண்டும். பழைய ஸ்கேனரோ கணக்கு மென்பொருளோ விண்டோஸில்தான் இயங்கும். மேலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், இன்டெல் செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறையும் வேண்டப்படுவதால், 2017க்கு முற்பட்ட பொறிகளிற் பெரும்பாலானவை அதற்குத் தகுதி பெறா. பழுதற்ற பொறியைக் கழிப்பதினும், அதில் இரண்டாவது இயங்குதளம் ஒன்றை நிறுவி, இணையப் பணிகளை அதற்கு மாற்றிக்கொள்வது நன்று.

ஹார்ட் டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இயங்குதளத்தையும் தனிப் பகுதியில் குடியமர்த்துவதே இம்முறை. இரண்டும் ஒரே வேளையில் இயங்குவதில்லை. பொறி தொடங்கும்போது ‘கிரப்’ என்னும் சிறு நிரல் வாயிற்காவலனைப் போல நின்று, எதனுள் நுழைவது என்று கேட்கும்.

முதற்கண் செய்யவேண்டுவது, மதிப்பெண் பட்டியல், கள ஆய்வுக் குறிப்பு, குடும்பப் படங்கள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா என்றும் பார்த்துவிடுவதாகும். பகுதியைச் சுருக்கும் வேலை நடக்கையில் மின்சாரம் நின்றால் கோப்புகள் சிதையக்கூடும். ஐப்பசி மாதத்துப் பிற்பகல்களில் திருவனந்தபுரத்தில் இடிமழை எப்படி வரும் என்பதை அவ்வூரார்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. காலை வேளையில், யு.பி.எஸ். துணையுடன் இதனைச் செய்வதே அறிவுடைமை.

விண்டோஸ் பகுதியை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைக் கொண்டே சுருக்குதல் வேண்டும். உபுண்டு போன்றதற்கு 25 ஜி.பி. இடமேனும் தேவை. பிட்லாக்கர் பூட்டு இருப்பின் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வைத்துக்கொள்க. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை நீக்கிவிடவேண்டும். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுவதும் அணைவதில்லை, பாதி உறங்கிய நிலையிலேயே நிற்கும். அந்நிலையில் லினக்ஸ் அப்பகுதியைப் படிக்க மட்டுமே இசையும்; எழுத மறுக்கும்.

பென் டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, ஒலி, அச்சுப்பொறி, தாய்மொழித் தட்டச்சு ஆகியவற்றை அப்போதே சோதித்தல் நலம். 32 பிட் பொறியாயின் தேர்வு குறுகும்: டெபியன் 12இல் அதற்கு நிறுவி உண்டு, 2025இல் வந்த டெபியன் 13இல் இல்லை.

பழைய பொறிகளில் இன்னொரு தடையும் உண்டு. எம்.பி.ஆர். முறையில் அமைந்த டிஸ்க்கில் நான்கு முதன்மைப் பகுதிகளுக்கு மேல் இடமில்லை. நான்கையும் உற்பத்தியாளரே நிரப்பியிருப்பதுண்டு. அவ்வாறாயின் ஒன்றை விடுவித்து, அவ்விடத்தில் விரிவுப் பகுதி அமைத்தாலன்றி வழியில்லை. விண்டோஸ் யு.இ.எஃப்.ஐ. முறையில் தொடங்குமாயின் லினக்ஸையும் அம்முறையிலேயே நிறுவுக.

விண்டோஸ் முன்னதாகவும் லினக்ஸ் பின்னதாகவும் நிறுவப்பெறுதல் முறை. பின்னர் வரும் விண்டோஸ், தொடக்க வழியைத் தனதாக்கிக்கொண்டு மற்றதைக் காட்டாது. லினக்ஸ் வேண்டாமெனப் பின்னாளில் அதன் பகுதியை மட்டும் அழித்தவர் பலர், பழைய பொறியில் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்ற கறுப்புத் திரையைக் கண்டு திகைத்ததுண்டு. விண்டோஸின் தொடக்க நிரலை மீட்டமைத்த பின்னரே அதை அழிக்கவேண்டும்.

நிறுவிய மறுநாள் கடிகாரம் பிழைபடக்கூடும். பொறியினுள் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் பன்னாட்டு நேரத்தை எழுதுகின்றது. விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமாகக் கொள்கின்றது. ஆகவே காலை 9 மணியை விண்டோஸ் 3.30 எனக் காட்டும். வருகைப் பதிவும் கள அளவீடும் அப்பொறியில் எழுதுவோர், உள்ளூர் நேரத்தையே கைக்கொள்ளுமாறு லினக்ஸில் ஒரு கட்டளை இட்டுவிட்டால் ஐந்தரை மணி வேறுபாடு நீங்கிவிடும்.